2001இற்குப் பின் 2010: விடுகதைக்கு விடை சொன்னது குற்றமா?

கறுவாத்தோட்டத்துக் காகம்:

வேலைக்குப் போகும் வழியில் நாள்தோறும் பார்ன்ஸ் பிளேஸைக் கடக்கிறேன். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் நெடுங்காலம் குடியிருந்த தெரு. 1956இல் இந்தத் தீவுக்கு வந்தவர், 2008 மார்ச்சில் கொழும்பிலேயே கண்ணை மூடினார். மதில்களுக்கு மேலே பூமரக் கிளைகள் எட்டிப் பார்க்கும் அந்த அமைதியான தெருவிலிருந்தா வியாழன் கிரகத்துக்குக் கப்பல் விட்டார் என்று சில காலைகளில் நினைத்துக்கொள்வேன்.

போன வார இறுதியில் விடாத மழை. மகனுக்குச் சனிக்கிழமை, கிளார்க்கோடு சேர்ந்து ஸ்டான்லி குப்ரிக் எழுதி இயக்கிய "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" படத்தையும், ஞாயிற்றுக்கிழமை அதன் தொடர்ச்சியான "2010"ஐயும் போட்டுக் காட்டினேன். முதல் படத்தில் ஒருவர் வாய் திறந்து பேசவே ஏறத்தாழ 25 நிமிடம் ஆகிறது. அதற்குள் பையன் தூங்கிவிட்டான். இரண்டாவதை இமை கொட்டாமல் பார்த்தான். முடிந்ததும், "இதை முதலில் காட்டியிருக்கலாமே அப்பா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக நண்பர்களிடம் நேர்மாறாகத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

கிளார்க்கின் நாவலை வைத்துப் பீற்றர் ஹையம்ஸ் எழுதி, இயக்கி, தயாரித்து, ஒளிப்பதிவும் செய்த இந்தப் படம் 1984 டிசம்பர் 7ஆம் திகதி அமெரிக்காவில் வெளியானது. அமெரிக்க விமர்சகர் ரொஜர் ஈபர்ட் நான்கில் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். வேறு பலர், "நல்ல படம்தான், ஆனால் 2001 அல்ல" என்று இழுத்தார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 4 கோடி டொலர் வசூல்: தோல்வியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. ஐந்து ஒஸ்கார் பரிந்துரைகள், ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. நான்கை "அமேடியஸ்" வாரிக்கொண்டு போனது. அறிவியல் புனைகதை இரசிகர்கள் வாக்களிக்கும் ஹியூகோ விருது மட்டும் 1985இல் இதற்குக் கிடைத்தது.

என் கட்சி இது: நல்ல படம், பிறந்த வீடுதான் பெரியது. மூத்தவன் ஊரே வியந்த மேதையாக இருந்தால் இளையவன் வக்கீலாகி உழைத்தாலும் ஊர் உதட்டைத்தான் பிதுக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


குப்ரிக் பக்தன்:

இளையவன் வக்கீலாகவில்லை அண்ணா. மூத்தவனின் நாட்குறிப்பைத் திருடி அச்சடித்தான்.

விடுகதை போட்டவரே அடுத்த நாள் வந்து விடையைக் கரும்பலகையில் எழுதினால் எப்படி இருக்கும்? 2001இல் டிஸ்கவரி கப்பலை இயக்கும் ஹால் கணினி ஏன் ஆட்களைக் கொன்றது என்று குப்ரிக் சொல்லவில்லை. அந்தச் சிவப்புக் கண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு காரணம் தோன்றும். 2010இல் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்து விசாரணை அறிக்கை வாசிக்கிறார். பயம் அங்கேயே செத்துவிட்டது.

அடுத்தது ஓசை. காற்றே இல்லாத வெளியில் 2001 காட்டிய மௌனம் ஒரு துணிச்சல். இதில் இயந்திரங்கள் வெளியிலேயே உறுமுகின்றன. அதற்கும் மேலாக, கதாநாயகன் மனைவிக்கு எழுதும் கடிதங்கள் பின்னணியில் ஓடுகின்றன. பார்ப்பவனுக்கு எதுவும் விளங்காமல் போய்விடக்கூடாதாம்.

முதற்படத்தின் மாதிரிக் கப்பல்களை வேறு யாரும் பயன்படுத்தக்கூடாதென்று குப்ரிக் அழிக்கச் செய்தார். ஹையம்ஸின் ஆட்கள் பழைய படச்சுருளைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து டிஸ்கவரி கப்பலைத் திரும்பக் கட்டினார்கள். கப்பல் அச்சாக வந்தது. உள்ளே ஆள் இல்லை.


கட்டுபெத்தை மாணவி:

அண்ணா, மௌனத்துக்குப் பூசை செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 1968இல் 2001 வந்தபோதும் வரவேற்பு இரண்டு பட்டுத்தான் இருந்தது. முதற்காட்சியில் மக்கள் எழுந்து போனார்கள். குப்ரிக்கே 19 நிமிடங்களை வெட்டினார். போலீன் கேல் போன்ற விமர்சகர் கற்பனையே இல்லாத படம் என்று எழுதினார். பின்னால் காலம்தான் அதைத் தூக்கி வைத்தது. 2010க்கு அந்தக் காலத்தை யாரும் கொடுக்கவில்லை.

ஹால் பற்றிய விளக்கம் பயத்தைக் கொன்றதாகச் சொல்கிறீர்கள். எனக்குப் பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் கணினித் துறை மாணவி. ஹாலுக்கு அடிப்படைக் கடமை, தகவலைத் திரிக்காமல், மறைக்காமல் கொடுப்பது. மேலிடத்திலிருந்து இரகசியமாக வந்த உத்தரவு, பயணத்தின் உண்மை நோக்கத்தைக் கப்பலில் விழித்திருந்த இருவரிடமும் மறைக்கச் சொன்னது. இரண்டையும் நிறைவேற்ற வேண்டும். ஆட்கள் இல்லாவிட்டால் மறைக்கவும் தேவையில்லை, பொய் சொல்லவும் தேவையில்லை. கணக்கு நேராக வந்துவிடுகிறது. ஹாலுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகளை ஒழுங்காக நிறைவேற்றியது. இன்றைக்குப் பேசும் இயந்திரங்களைச் செய்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே இடத்தில்தான். 1968இன் ஹால் ஒரு பேய். 1984இன் ஹால் ஒரு பிழையான வேலைத்திட்டம். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயப்படுவேன் என்று சொல்லவேண்டுமா?

அறிவியலிலும் இந்தப் படத்தைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. வொயேஜர் விண்கலங்கள் 1979இல் வியாழனைக் கடந்தபோதுதான் அதன் துணைக்கோள்களான அயோவில் எரிமலைகள் இருப்பதும் யூரோப்பா பனியால் மூடியிருப்பதும் அருகிலிருந்து தெரிந்தது. கிளார்க் அந்தச் செய்தி சூடு ஆறும் முன் நாவலாக்கினார், 1982இல் வெளிவந்தது. வியாழனின் காற்றில் உரசி வேகத்தைக் குறைக்கும் காட்சியை எங்கள் வகுப்பில் ஒருவர் மாயாஜாலம் என்றார். காற்றில் உரசிச் சுற்றுப்பாதையைச் சுருக்கும் வேலையை 1993இல் மகெலன் விண்கலம் வெள்ளியில் செய்தே காட்டியது. படத்தில் வருவது அதைவிட முரட்டுத்தனமானது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

படத்தின் முடிவில் வியாழன் இரண்டாவது சூரியனாவதுதான் உண்மையில் வெறும் கதை. விண்மீனாக எரிய அதற்கு இப்போதைய நிறையைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு வேண்டும். வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற மர்மமான கறுப்புக் கற்பாளங்களைக் கணக்கில்லாமல் பெருக வைத்துக் கிளார்க் சமாளிக்கிறார். எனக்கு ஆட்சேபம் இல்லை.


பழைய ஒளிநாடா:

பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் தெளிவான படத்தைப் பார்த்துவிட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள். நான் பார்த்தது நகலின் நகலின் நகல்.

1986ஆம் ஆண்டாக இருக்கவேண்டும். வெள்ளவத்தையில் ஒரு வாடகைக் கடையில் டெக்கும் ஒளிநாடாவும் சேர்த்து ஒரு நாளுக்கு எடுத்து வந்தோம். 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரவுக் காட்சிக்குப் போவதை அம்மா விரும்பமாட்டார். காலி வீதியில் சவோய் நடந்து போகும் தூரத்தில் இருந்தும், படம் என்றால் வீட்டுக்குள்தான். அந்த நாடாவில் விண்வெளி கறுப்பாகவே இல்லை. பாசி பிடித்த கிணறுபோல ஒரு பச்சை. வியாழன் வந்ததும் திரை நடுங்கும். தம்பி டெக்கின் தலையில் தட்டுவான்.

படம் முழுவதும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போர் விளிம்பில் நிற்கின்றன. நாவலில் இப்படி இல்லை என்று பின்னால் வாசித்து அறிந்தேன். அங்கே இரு நாட்டவரும் நல்லபடியாகவே போகிறார்கள், போட்டிக்கு வருவது ஒரு சீனக் கப்பல். பனிப்போரை ஹையம்ஸ்தான் உள்ளே கொண்டுவந்தார். படத்தின் பலவீனம் அது, காலாவதியாகிவிட்டது என்று இன்று எழுதுகிறார்கள். எழுதட்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அது காலாவதியாக இல்லை. ஒரு கட்டத்தில் பூமியிலிருந்து உத்தரவு வருகிறது: அமெரிக்கர் தாங்கள் வந்த சோவியத் கப்பலான லியோனோவை விட்டு வெளியேறி, தேடி வந்த டிஸ்கவரிக்குப் போகவேண்டும், ஒருவர் கப்பலில் மற்றவர் கால் வைக்கக்கூடாது. அத்தனை நாள் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் மூட்டை கட்டுகிறார்கள். 83 ஜூலையில் எங்களை ஒளித்து வைத்தது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம். அவர்களுடைய சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கும் அறையில் நான்கு நாள் இருந்தோம். யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தெருவில் நின்றவர்கள் அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து எங்களுக்குப் பாண் வெட்டினார்.

அந்தக் காட்சி வந்தபோது எங்கள் அம்மா எழுந்து தேநீர் போடப் போனார். அரைமணி நேரம் திரும்பி வரவில்லை. தேநீரும் வரவில்லை.

படத்தில் வேறோர் இடம் உண்டு. கப்பல் வியாழனின் காற்றுக்குள் பாயும்போது இளம் ரஷ்யப் பெண் ஒருத்தி பயந்துபோய் அமெரிக்கரின் அறைக்குள் வந்து அவரை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கப்பல் குலுங்கி முடியும்வரை இருவரும் அப்படியே கிடக்கிறார்கள். குப்ரிக் இதை எடுத்திருக்கமாட்டார் என்று தம்பி சொல்லலாம். எடுத்திருக்கமாட்டார்தான்.


நெறியாளர்:

கதையின் முடிவை வெளியிட்டதாக இந்த இழையில் இரண்டு பதிவுகள் மீது முறைப்பாடு வந்திருக்கிறது. படம் வெளியாகி நாற்பது வருடம் கடந்துவிட்டது. முறைப்பாடு நிராகரிக்கப்படுகிறது.


இலக்கணப் பூனை:

ஐயாவின் பதிவுக்குப் பிறகு பெயர்ப் பிரச்சினையைக் கிளப்பக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் யாரும் தொடவில்லை என்பதால் நான் தொடுகிறேன்.

ஹாலை உருவாக்கிய டொக்டர் சந்திரா. படத்தில் இவ்வளவுதான், கூடவே "ஆர்" என்றொரு முதலெழுத்து. நாவலில் அவருக்கு முழுப் பெயர் உண்டு: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. வெள்ளைக்காரர் வாயில் நுழையாது என்று சந்திராவாகச் சுருங்கியவர். உலகம் அறிந்த அறிவியல் புனைகதை ஒன்றில், மனிதனைவிடக் கெட்டிக்கார இயந்திரத்துக்குத் தகப்பன் ஒரு தமிழ்ப் பெயர்க்காரர்!

பாத்திரம் இந்திய வம்சாவளி என்பார்கள். சரி. ஆனால் எழுத்தைப் பாருங்கள். கிளார்க் ஆங்கிலத்தில் "சேகரம்" என்பதை எழுதும்போது நடுவில் ஜீ எழுத்தைப் போட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கே போடுவார்கள். குலசேகரம், இராசசேகரம் என்று ஜீ போட்டு எழுதுவது நம்முடைய பழக்கம். "சேகரன்" என்று னகரத்தில் முடிக்காமல் மகரத்தில் முடிப்பதும் இந்தப் பக்கத்து வழக்கம். அதே வேளை முற்பாதி "சுப்பிரமணியம்" ஆகாமல் "சுப்பிரமணியன்" ஆகிவிட்டது. முற்பாதி தஞ்சாவூர், பிற்பாதி யாழ்ப்பாணம்.

கிளார்க் 1979 முதல் 2002 வரை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். அங்கே அவர் கண்ணில் பட்ட மாணவர் பெயர்ப் பட்டியல்களில் எத்தனை சேகரம் இருந்திருக்கும்! இது என் ஊகம் மட்டுமே. ஊகிக்க இனிக்கிறது.

அந்தப் பாத்திரத்தைத் திரையில் செய்தவர் பொப் பலபன் என்ற அமெரிக்கர். சிவசுப்பிரமணியன் எந்த வழியால் "ஆர்" ஆனான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்தப் படத்தின் மீது என் மனக்குறை இது ஒன்றுதான். ஓசையும் மௌனமும் உங்கள் பாடு.


குப்ரிக் பக்தன்:

பெயரைப் பற்றிப் பூனை சொன்னது எனக்குத் தெரியாது. நாவலை வாசிக்கவில்லை. வாசிக்காமல் நாட்குறிப்புத் திருடன் என்று எழுதியது பிழை, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கிளார்க் தன் சொந்த நாட்குறிப்பைத்தானே அச்சடித்திருக்கிறார்.

பலபனைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். ஆள் தெரிவு தவறு. ஆனால் படத்தில் எனக்குப் பிடித்த ஒரே நடிப்பு அவருடையது. கடைசியில் ஹால் அழியப்போகிறது. மற்றவர்கள் பொய் சொல்லி வேலை வாங்கச் சொல்கிறார்கள். சந்திரா முதலில் பொய்தான் சொல்கிறார், பிறகு தாங்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். உண்மை தெரிந்த பிறகும் ஹால் அவர்களுக்காக இருக்கச் சம்மதிக்கிறது. கனவு காண்பேனா என்று கேட்கிறது. படத்தின் தொடக்கத்தில் சால் என்ற இன்னொரு கணினி இதே கேள்வியைக் கேட்டபோது அறிவுள்ள எல்லா உயிரும் கனவு காணும் என்று சளைக்காமல் பதில் சொன்னவர், இப்போது தெரியாது என்கிறார். எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லும் படம் அந்த ஓர் இடத்தில் தெரியாது என்று சொல்கிறது பாருங்கள், அங்கே மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அதற்குப் பதில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.


கறுவாத்தோட்டத்துக் காகம்:

இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. விட்டுப்போன இரண்டு மூன்றைச் சேர்க்கிறேன்.

குப்ரிக்கின் ஆசி இல்லாமல் தொடமாட்டேன் என்று ஹையம்ஸ் அவரைத் தொலைபேசியில் அழைத்தாராம். பயப்படாதே, உன் படத்தை நீ எடு என்ற பொருளில் பதில் வந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். குப்ரிக்கைவிடப் பக்தர்களுக்குத்தான் கோபம் அதிகம்!

திரைக்கதை எழுதிய விதம் எனக்குப் படத்தைவிடப் பிடிக்கும். ஹையம்ஸ் கலிபோர்னியாவில், கிளார்க் கொழும்பில். இருவரிடமும் கேப்ரோ கணினி ஒவ்வொன்று. 1983, 84இல் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் போட்டு ஒருவருக்கொருவர் எழுதினார்கள். அங்கே இரவென்றால் இங்கே பகல். ஒருவர் தூங்கி எழும்போது மற்றவரின் பதில் காத்திருக்கும். அந்தக் கடிதங்கள் 1984இலேயே புத்தகமாகவும் வந்தன. மின்னஞ்சல் என்ற சொல்லே நம் ஊரில் இல்லாத நாட்கள் அவை. ஐயா விறகு அறையில் நான்கு நாள் இருந்த அதே வருடம் என்பதை ஐயாவின் பதிவைப் பார்த்த பிறகே சேர்த்து நினைத்தேன். ஒரே நகரம்தான்.

நாவலின் முடிவில் கிளார்க் தரும் குறிப்பு இன்னும் சுவையானது. முழு நூலும் ஓர் ஐந்து அங்குலப் பிளொப்பி வட்டில் கொழும்பிலிருந்து நியூயோர்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரை நிலையத்திலிருந்து இந்து சமுத்திரத்துக்கு மேலே நின்ற இன்டெல்சாட் செய்மதி வழியாகப் போயின. அசையாமல் நிற்பதுபோல் சுற்றும் செய்மதிகளை வைத்து உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவரே அவர்தான். தான் சொன்ன யோசனையில் ஏறி அவருடைய எழுத்துப்பிழைத் திருத்தங்கள் பறந்திருக்கின்றன.

சோவியத் பக்கத்து வரவேற்பு மறந்துவிட்டது. அங்கே இளைஞர் அறிவியல் இதழ் ஒன்றில் நாவல் 1984இல் தொடராகத் தொடங்கி இரண்டு இதழோடு நிறுத்தப்பட்டது. ரஷ்யக் கப்பலில் இருப்பவர்களின் குடும்பப் பெயர்கள் எல்லாம் அரசை எதிர்த்த அதிருப்தியாளர்களின் பெயர்கள் என்பதை அதிகாரிகள் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியரின் பதவி போனது. கிளார்க்கின் பகிடி வேறொருவர் தலையில் விடிந்தது. அமெரிக்க விமர்சகர்கள் கொடுத்த அரைகுறைப் பாராட்டு எவ்வளவோ மேல்.


கட்டுபெத்தை மாணவி:

பழைய ஒளிநாடா ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த நாடாவில் வெள்ளை மாளிகைக்கு முன்னால் இரண்டு பேர் வாங்கில் இருந்து பேசும் காட்சியில், பக்கத்தில் புறாக்களுக்குத் தீனி போடும் கிழவரைக் கண்டீர்களா?


பழைய ஒளிநாடா:

இல்லையே, மகள். எந்தக் கிழவர்?


கட்டுபெத்தை மாணவி:

கிளார்க்தான் ஐயா. அகலத்திரைப் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்ப இரு பக்கமும் வெட்டிய பிரதிகளில் அவர் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார். பின்னால் வரும் ஒரு சஞ்சிகை அட்டையில் அமெரிக்க ஜனாதிபதியாகவும் அவருடைய முகம்தான். சோவியத் தலைவரின் முகம் குப்ரிக்.


பழைய ஒளிநாடா:

பாருங்கள்! நாங்கள் கொழும்பில் இருந்துகொண்டு, கொழும்புக்காரர் வரும் காட்சியைப் பார்க்காமலே முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்திருக்கிறோம். பாசி பிடித்த விண்வெளிக்குக் கொடுத்த வாடகை வீண்.

நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பேரனைக் கேட்டால் ஏதோ செயலியில் இருக்கிறது என்கிறான், எனக்கு அது சரிவராது.


இலக்கணப் பூனை:

என்னிடம் வட்டு இருக்கிறது ஐயா. நாவலும் இருக்கிறது, அட்டை மட்டும் கழன்றுவிட்டது. பக்தர் வாசிப்பதானால் அவருக்கும் தரலாம். வரும் சனிக்கிழமை காலை பொரளை கனத்தைக்கு வருகிறீர்களா? கிளார்க்கின் கல்லறை அங்கேதான். தான் ஒருபோதும் பெரியவனாகவில்லை, ஆனால் வளர்வதை நிறுத்தவும் இல்லை என்று அதில் பொறிக்க அவரே எழுதிவைத்தாராம். ஒன்பது மணிக்கு வெயில் ஏறமுன் பார்த்துவிட்டு வரலாம்.


கறுவாத்தோட்டத்துக் காகம்:

நானும் வருகிறேன், பையனையும் கூட்டிக்கொண்டு. நேற்றிரவு 2001ஐத் தானாகவே திரும்பப் போட்டுப் பார்த்தான். இம்முறை தொடக்கத்துக் குரங்குக் காட்சி முடியும்வரை விழித்திருந்தான்.


பழைய ஒளிநாடா:

மழை இல்லாவிட்டால் வருகிறேன். முழங்கால் சம்மதிக்கவேண்டும்.


குப்ரிக் பக்தன்:

கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கர வண்டியில் வருகிறேன். ஐயாவை வெள்ளவத்தையில் ஏற்றிக்கொண்டு வரலாம், வழி சுற்றுத்தான், பரவாயில்லை. நாவலைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், பூனை. படத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை.